அந்த முன் சீட்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அலுவலகத்தில் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது அப்பா போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார். கூப்பிட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

"வண்டி நின்னுருச்சு பாப்பா. நாகமலைக்கிட்ட. அம்மாவ ஷேர் ஆட்டோவுல ஏத்தி விட்டுட்டேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போயிரு."

நான் போனபோது அம்மா ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார். ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டதாம். முகம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும், "அப்பா சாப்பிட்டிருக்க மாட்டாரு, ஒரு போனப் போடு" என்றார்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். போகிற நேரம் தவறினால் அடுத்த ஆள் காத்திருப்பார். நமக்கான நேரத்தில்தான் கை வைப்பார்கள். அன்றைக்கும் வைத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படி நேரம் குறைந்துகொண்டே போனால் மூச்சுத்திணறலில்தான் வந்து நிற்கும், எப்படியாவது நேரத்துக்குக் கூட்டி வாருங்கள் என்றார்.

எப்படியாவது. அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை சங்கதி இருக்கிறது!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அன்று நின்றுபோன எங்கள் லாரியைத் தெரியும். செக்கானூரணிப் பக்கமிருந்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் காய்கறியும் பூவும் ஏற்றிக்கொண்டு அப்பா ஓட்டிய லாரி. அதன் சக்கரம் சுழன்றதால்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியை முடித்த முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

ஆனால் அந்த லாரிக்கு வயதாகிவிட்டது. அதைவிட முக்கியம் – அம்மாவால் அதில் ஏற முடியவில்லை. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அந்தக் கையால் எதையும் இழுக்கக்கூடாது, ஊன்றக்கூடாது. லாரியில் ஏறும்போது பிடித்துக்கொள்ளும் கம்பியோ இடது கைப் பக்கம்தான் இருக்கிறது. அதனால் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, அப்பா மேலிருந்து வலது கையைப் பிடித்துத் தூக்க... ஒவ்வொரு முறையும் எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும்.

அன்று சாயங்காலம் லாரியை ஒருவழியாக வீட்டுக்குக் கொண்டுவந்த அப்பா, அதைக் கழுவித் துடைத்தார். அப்புறம் சொன்னார்: "மாத்திருவோம்."

*

கார் ஏன் சரிப்படாது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்குக் கண்மாய்க் கரைமேல்தான் பாதை. மழை பெய்தால் வாடகை டாக்ஸிக்காரர்கள் கரை முனையிலேயே கும்பிடு போட்டுவிடுவார்கள். தோட்டத்து மல்லிகை மூட்டைகளையும் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதைக்கு உயரம் வேண்டும். அம்மாவுக்கு உயரம் கூடாது. டயாலிசிஸ் முடிந்து வரும்போது பிரஷர் இறங்கிவிடும் என்பதால் சாய்ந்து படுக்கச் சீட் வேண்டும். இதெல்லாம் சேர்ந்தால் எஸ்.யூ.வி.தான். அதுவும் எங்களுக்கு ஏற்றது, பழைய எஸ்.யூ.வி.

நான் சும்மா இருப்பேனா? வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். விபத்தில் அடிபட்ட வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது, மீட்டரைக் குறைத்திருந்தால் எப்படித் தெரியும்... பரீட்சைக்குப் படித்ததுபோலப் படித்தேன்.

அப்பா எதையும் பார்க்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்வி போதும்.

எங்கள் பக்கம் பழைய வண்டி வாங்குகிறவர்கள் பலர் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். எஞ்சின், டயர், ஆர்.சி. புத்தகம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, சாவியை விற்கிறவர் கையிலேயே கொடுத்து, அழகர் மலை இருக்கிற திசையைப் பார்க்கச் சொல்வார்கள். மலையடிவாரத்தில் கருப்பசாமி இருக்கிறார். அவரை வைத்துப் பொய் சொன்னவன் தப்பமாட்டான் என்பது நம்பிக்கை.

"இந்த வண்டியில எந்த உசுரும் போகலையே?"

"போகல."

அவ்வளவுதான். சாவி கைமாறிவிடும்.

முதலில் ஆரப்பாளையத்தில் ஒரு புரோக்கரிடம் போனோம் – அப்பா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா. வண்டி கண்ணைப் பறித்தது. புது சீட் கவர், புது மேட், உள்ளே ஊதுபத்தி வாசனை. அப்பா தன் கேள்வியைக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் புரோக்கர் திரும்பி நின்று, "போகலண்ணே" என்றார். அவர் திரும்பிய திசையில் ஒரு லாட்ஜ் போர்டுதான் தெரிந்தது.

அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். முடிகிற இடத்தில் பழுப்பாக ஒரு கோடு. காய்ந்த சேறு. எந்த ஊர் வெள்ளத்தில் கழுத்தளவு நின்ற வண்டியோ!

தோட்டத்துக்குப் போய்வந்த வண்டி, அதனால் மண் இருக்கும் என்றார் புரோக்கர்.

"தோட்டத்துக்குப் போனவரு பெல்ட்டப் போட்டுக்கிட்டா வரப்புல உருண்டாரு?" என்று கேட்டுவிட்டு அப்பா வெளியே நடந்தார். ஆட்டோவில் ஏறிய பிறகு மாமாவிடம், "எம்புள்ள கண்டுபிடிச்சுருச்சு மாப்ள" என்றார். எனக்கு அது போதும்.

அடுத்து வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒன்று. நல்ல வண்டி. குறையே சொல்ல முடியாது. மாமா கதவைத் திறந்து ஏறிப் பார்த்துவிட்டு, "அக்கா ஏறணும்னா ஏணி வைக்கணும் மச்சான்" என்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வண்டியில் போகப்போகிறவரை வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேர் ஊர் ஊராக வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

எங்கள் வழக்கம் அப்படி. வண்டி பார்க்க ஆண்கள்தான் போவார்கள். நான் போனதே பெரிய புதுமை.

*

மூன்றாவது வண்டி அழகர்கோவில் போகிற வழியில், ஒரு கிராமத்தில் இருந்தது. இந்தமுறை அம்மாவையும் கூட்டிக்கொண்டோம். சரிபார்த்த லாரியில் அப்பா, அம்மா, நான். மாமா பைக்கில் வந்தார். அவருக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் முதல் நாளே வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருந்தார்.

விற்பவர் ஒரு பெண். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பெயர் செல்வி. தன் கையாலேயே வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினார். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து வைப்பாராம்.

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். பெல்ட்டை இழுத்தேன். மேட்டைத் தூக்கினேன். கதவு ரப்பரைப் பிரித்துப் பார்த்தேன். சர்வீஸ் எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். ஏறுவதற்கு வாகாகத் தாழ்வாக ஒரு ஃபுட்போர்டு மாட்டியிருந்தது. நடு சீட் சாயவில்லை. ஆனால் டிரைவருக்குப் பக்கத்துச் சீட், லீவரைத் தூக்கினால் அப்படியே கட்டில்போலப் படுத்தது. அம்மாவுக்கென்றே செய்ததுபோல!

ஒரு கையை அந்த முன் சீட்டில் ஊன்றிக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். முடித்துவிடலாம் என்று கண்ணால் சொன்னேன்.

அப்பா சாவியைச் செல்வி அக்கா கையில் வைத்தார். அங்கே மலை நிஜமாகவே எதிரில் நின்றது.

"இந்த மலையப் பாத்துச் சொல்லும்மா. இந்த வண்டியில எந்த உசுரும் போகலையே?"

அவர் மலையைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார்.

"போயிருக்குண்ணே. எங்க வீட்டுக்காரரு. இந்த முன் சீட்டுலதான்."

நடந்ததையும் அவரே சொன்னார். நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார் கணவர். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கப் பயந்து, சீட்டைச் சாய்த்து அவரைப் படுக்கவைத்து, செல்வி அக்காவே ஓட்டிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பியிருக்கிறார். பாதி வழிவரை அவர் பேசிக்கொண்டு வந்தாராம். சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்தால்...

"இப்பவும் ஓட்டணும்னு உக்காருவேன். முடியல. கண்ணு இடது பக்கமே போகுது" என்றார்.

வண்டியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டதும் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்களாம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் விற்றுத் தருகிறேன் என்று புரோக்கர் ஒருவர் சொன்னாராம்.

மாமா தயக்கத்துடன், பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

செல்வி அக்கா சொன்னார்: "இல்லன்னு சொன்னா... அவரையே இல்லன்னு சொல்ற மாதிரி இருக்குண்ணே."

*

அப்பா திரும்பி லாரியை நோக்கி நடந்தார். மாமா அவர் பின்னாலேயே போனார். "வேணாம் மச்சான். அக்கா இருக்கிற நெலமையில... வேணவே வேணாம்."

நானும் போனேன். எனக்குக் கோபம் வந்தது. இதைவிட நல்ல வண்டி கிடைக்காது, உயிர் போவது வண்டியின் குற்றமா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் எத்தனை உயிர் போயிருக்கிறது, அதில் படுக்கமாட்டோமா என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். படித்தவள் பேசவேண்டிய பேச்சுதான். ஒரு வார்த்தை தப்பில்லை.

ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும். "இந்த முன் சீட்டுலதான்" என்று அந்த அக்கா சொன்ன நொடியில், சீட்டின்மேல் இருந்த என் கையை வெடுக்கென்று எடுத்திருந்தேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அம்மா கவனித்திருந்தார்.

அப்பா லாரியின் கதவைத் திறந்து, பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக் கீழே போட்டார். "ஏறு" என்றார்.

அம்மா ஏறவில்லை. பின்னாலேயே வந்து மூச்சு வாங்க நின்றவர், லாரியை மேலும் கீழும் பார்த்தார்.

"நம்ம வண்டி கதைய நான் சொல்லவா, நீங்க சொல்றீகளா?"

அப்பா ஸ்டூலைக் காலால் நகர்த்திச் சரியாக வைத்தார்.

"நான் போறதுக்குள்ளயாவது இவளுக்குத் தெரியட்டும்ங்க."

"என்னாத்தக்கா கதை?" என்றார் மாமா.

அப்பா லாரியின்மேல் சாய்ந்துகொண்டார். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

இந்த லாரியை வாங்கியபோதும் அதே கேள்வியைக் கேட்டாராம். விற்றவர் அழகர் மலைப் பக்கம் திரும்பி, பெற்ற பிள்ளை மேலும் சத்தியம் செய்தாராம். சில வருடம் கழித்துப் பட்டறையில் கேபினைப் பிரித்தபோது, டிரைவர் பக்கம் முழுதும் வெட்டி ஒட்ட வைத்தது தெரிந்திருக்கிறது. விசாரித்துப் பார்த்தால், மலைப்பாதையில் உருண்ட வண்டி. ஓட்டியவர் அந்த இடத்திலேயே இறந்திருக்கிறார்.

நான் ஏழாம் வகுப்பு படித்த சமயம் அது. அப்பா அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரு இரவு யோசித்துவிட்டு, மறுநாள் ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுத்திருக்கிறார்கள்.

"வேற என்ன செய்ய? உன்னை ஸ்கூல்ல விட்டுருக்கோம். நிறுத்த முடியுமா?" என்றார் அப்பா.

நான் லாரியைப் பார்த்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போனது, கல்லூரியில் சேரப் போனது, முதல் வேலைக்குப் பெட்டியோடு போய் இறங்கியது... எல்லாம் அந்தக் கேபினில்தான். யாரோ ஒருவர் உயிரை விட்ட இடத்தில் உட்கார்ந்துதான் அப்பா என்னைக் கரை சேர்த்திருக்கிறார்.

அதன் பிறகும் அந்தக் கேள்வியை ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பயம் என்பது அப்படித்தான் போலிருக்கிறது. பொய் என்று தெரிந்த பிறகும், "போகல" என்று ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். சத்தியங்களை நம்பினால், மதுரைச் சீமையில் ஓடுகிற எந்தப் பழைய வண்டியிலும் இதுவரை ஒரு உயிர்கூடப் போனதில்லை! அந்தக் கேள்வியால் பொய் சொன்னவர்களில் ஒருவருக்கும் நஷ்டமில்லை. உண்மை சொன்ன ஒரு பெண்ணின் வண்டி மட்டும்தான் வாசலிலேயே நிற்கிறது.

அம்மா ஸ்டூலைத் தாண்டித் திரும்பி நடந்தார். எஸ்.யூ.வி.யின் முன் கதவு திறந்தே இருந்தது. வலது கையால் சீட்டின் ஓரத்தைப் பிடித்து, ஃபுட்போர்டில் கால் வைத்து... ஏறிவிட்டார். யாரும் தூக்கவில்லை.

"சீட்டச் சாச்சு விடுத்தா" என்றார் செல்வி அக்காவிடம்.

அந்த அக்காவின் கை லீவரைத் தேடவில்லை. பழகிய கை. சீட் மெல்லச் சாய்ந்தது. அம்மா தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். புடவை முந்தானை கதவுக்கு வெளியே தொங்கியது. கதவில் சிக்கிவிடாமல் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, செல்வி அக்கா அங்கேயே நின்றார். அவர் கணவருக்குப் பிறகு அந்தச் சீட்டில் ஆள் படுத்து அன்றுதான் பார்க்கிறார்.

"பயமா இல்லையாக்கா?" என்றார் மெதுவாக.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "அவரு இதுல ஏறிப் போனாரு, திரும்பி வரல. நான் ஏறிப் போயிட்டுத் திரும்பி வாரேன்த்தா. வண்டிக்கும் பழகட்டும்."

நான் பக்கத்தில் போய், எடுத்த கையை மறுபடியும் அந்தச் சீட்டில் வைத்தேன்.

அப்பா வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து, செல்வி அக்காவிடம் கை நீட்டினார். சாவி கைமாறியது.

*

போன வாரம் எங்கள் லாரியைப் பார்க்க உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். எல்லாம் பார்த்தார். பிடித்துவிட்டது. கடைசியில் சாவியை அப்பா கையில் கொடுத்து, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

எங்கள் வீட்டிலிருந்து அழகர் மலை தெரியாது. நாகமலைதான் தெரியும். அப்பா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போயிருக்குப்பா" என்றார்.

வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். லாரி இன்னும் வாசலில்தான் நிற்கிறது. அப்பா தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து வைக்கிறார்.

செவ்வாயும் வெள்ளியும் அம்மா முன் சீட்டில் போகிறார். இதுவரை நேரம் தவறவில்லை. முகத்தில் உப்பல் குறைந்திருக்கிறது, படுத்துத் தூங்குகிறார். வேறென்ன மாறிவிட்டது என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. நோய் நோயாகத்தான் இருக்கிறது.

அந்த இரண்டு நாளும் சாயங்காலம் அம்மாவின் போன் தவறாமல் அடிக்கும். செல்வி அக்காதான். அம்மாவின் உடம்பைப் பற்றிக்கூட இரண்டாவதாகத்தான் விசாரிப்பார்.

"வண்டி வீட்டுக்கு வந்துருச்சாக்கா?"

"வந்துருச்சுத்தா."

பழைய வண்டி வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதானோ, என்னவோ!